ஒரு சாண் தள்ளி

"மாப்ளே, அந்தக் கதவைச் சாத்துன்னு எத்தனை தடவை சொல்றது? காத்துல பந்து ஒதுங்குது!"

"சாத்திட்டுத்தான் வந்தேன் மாமா. தானா திறந்துக்குது" என்றான் கான்ட்ராக்டரின் மனைவியின் தம்பி.

"அந்தக் கார்பென்டரை நாளைக்கே வேலையைவிட்டுத் தூக்கறேன் பாரு!" என்று கத்தினார் அவர். கோபம் அவருக்கு எப்போதும் மூக்கு நுனியில்தான்.

அவரே கட்டிய ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியில் அவருடைய ஆபீஸ். கீழே ஐந்து மாடியிலும் குடும்பங்கள் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், கார்ப்பெட்டின் மறுகோடியில் ஒரு டம்ளரைப் படுக்கவைத்துவிட்டு இருவரும் கோல்ஃப் மட்டையால் ஆளுக்குப் பத்து பந்து தட்டுவார்கள்.

சும்மா விளையாட்டுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் பக்கத்து மனைக்காரரோடு கோல்ஃப் ஆட்டம். ஆடத் தெரியாதவனிடம் அந்த மனுஷர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். மனை கிடைத்தால் இதைவிட உயரமாக இன்னொன்று எழுப்பிவிடலாம்.

கான்ட்ராக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டினார். நல்ல பிள்ளையாக டம்ளரை நோக்கிப் போன பந்து, கடைசியில் இடது பக்கம் ஒதுங்கியது. பத்தில் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. மைத்துனனுக்கு எட்டு போனது.

"உனக்கு மட்டும் எப்படிடா போகுது?"

"நான் வலது பக்கம் ஒரு சாண் தள்ளிக் குறி வைக்கறேன் மாமா. போன மாசம் நாலு விரல் தள்ளினாலே போதும். இப்ப ஒரு சாண் ஆகுது. எனக்கும் டச் விட்டுப்போச்சு போல."

கான்ட்ராக்டருக்குச் சுர்ரென்று ஏறியது. அடச்சே, கையில் ஒரு கோளாறும் இல்லை. தரையில்தான் கோளாறு!

"கூப்பிடுடா அந்த டைல்ஸ் மேஸ்திரியை!"

வாசலில் படிக்கட்டுக்குக் கல் பதித்துக்கொண்டிருந்த மேஸ்திரி, சிமென்ட் கையும் தோளில் கருவிப் பையுமாக மேலே வந்தார். பன்னிரண்டு வருஷமாகக் கான்ட்ராக்டரிடமே வேலை செய்கிறவர்.

"என்னய்யா லட்சணத்துல தரை போட்டிருக்கே? பந்து கோணிக்கிட்டு ஓடுது!"

"போட்ட அன்னிக்கு நீங்களே மட்டம் பார்த்துட்டு சரின்னு சொன்னீங்களே ஐயா."

"எதிர்த்தா பேசறே? அஸ்திவாரம் ஆழம் பத்தாதுன்னு வாய் நீட்டின இன்ஜினியரையே வீட்டுக்கு அனுப்பினவன் நான். நீ எம்மாத்திரம்? இன்னையோட மூட்டையைக் கட்டு!"

"விடுங்க மாமா, விளையாட்டுதானே..."

"நீ வாயை மூடு! ஞாயித்துக்கிழமை நான்ல அங்க போய் அசிங்கப்படணும்?"

மேஸ்திரிக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் போட்ட தரையை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. கார்ப்பெட்டைச் சுருட்டித் தள்ளிவிட்டு ரசமட்டத்தைத் தரையில் வைத்தார். குமிழி நடுவில் நிற்காமல், உயர்ந்திருந்த வலது ஓரத்துக்கு ஓடியது.

"பார்த்தியா! கையும் களவுமா மாட்டினியா!" கான்ட்ராக்டர் மேஜையில் ஓங்கி அடித்தார்.

மேஸ்திரி குமிழியையே உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வலப்பக்கச் சுவரின் உச்சியில் நூலைப் பிடித்துத் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மேலே சுவரை ஒட்டியிருந்த நூல், கீழே சுவரைவிட்டு இரண்டு விரல் விலகி நின்றது.

"என்னய்யா வித்தை காட்டறே? அந்தச் சுவரையும் எவனோ கோணலா..." கான்ட்ராக்டர் சொல்லி முடிப்பதற்குள், சாத்தியிருந்த கதவு மறுபடியும் தானாகத் திறந்தது.

மேஸ்திரி நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினார்.

"அப்புறமா திட்டுங்க ஐயா. முதல்ல கீழ இருக்கற அத்தனை பேரையும் வெளியே ஓடச் சொல்லுங்க!"