சிவப்பு நூல் கட்டிய கோப்பை

இறந்தோர் நாளின் உச்சிவேளை. செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நேரம். பொத்தோசி மலையின் சூடில்லாத வெயில் எங்கள் படையல் மேசையில் விழுந்து கிடக்கிறது. செத்தவர்களுக்கு ஆளுக்கொரு ரொட்டிப் பொம்மை. மாவில் பதித்த சுண்ணாம்பு முகங்கள் சிரிக்கின்றன. எலெயுத்தேரியோவின் பொம்மை மட்டும் வெளியே வாசற்படியில், சாக்கின்மேல் கிடக்கிறது. பக்கத்தில் அவருடைய எனாமல் கோப்பை, யாரும் தவறி எடுக்காதபடி காதில் சிவப்பு நூல் கட்டியது. என் தாத்தாவின் தம்பி. பத்தொன்பது வயதில் அதே படியில் காசநோயில் இருமி இருமிச் செத்தவர். படையல் முடிந்ததும் மற்றவர்களின் ரொட்டியைப் பிட்டுத் தின்போம். அவருடையதைப் புதைத்துவிடுவோம்.

"அவரையும் உள்ள வெச்சா என்ன அத்தை? செத்து எம்பது வருஷம் ஆச்சே," என்கிறாள் புதிதாக வந்த என் மனைவி நியேவெஸ்.

"ஆளு செத்தான். இருமல் செத்துச்சான்னு உனக்குத் தெரியுமாடி?" அம்மா சாம்பிராணிக் கனலை ஊதுகிறாள். "அவ்வளவு பாசம்னா போய் அவன் மடியில உக்காந்து தின்னு."

சித்தப்பா விழுந்து விழுந்து சிரிக்கிறார். புகை சுருண்டு நியேவெஸின் முகத்தில் அடிக்கிறது. அவள் இருமுகிறாள். அடக்கப் பார்த்து மறுபடியும் இருமுகிறாள். சிரிப்பு நின்றுபோகிறது. சோளக் கள்ளின் நுரை பொரிவதுகூடக் கேட்கிறது. அம்மா தையல் பெட்டியைத் திறக்கிறாள். சிவப்பு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, நியேவெஸின் கோப்பைக் காதில் நிதானமாக முடிச்சுப் போடுகிறாள்.

"புகைதான் அத்தை..." என்றபடி நியேவெஸ் என்னைப் பார்க்கிறாள்.

நான் என் கோப்பையை என் பக்கமாக இழுத்துக்கொள்கிறேன்.