சாத்தி வைத்த கம்பு

காவல் கம்பு யார் வீட்டு வாசலில் சாய்ந்திருக்கிறதோ, அந்த வீட்டு ஆள்தான் அன்றைக்குக் காட்டையும் ஓடையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் திரும்பியதும் அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட வேண்டும். தன் முறை முடிந்ததும் பேச்சித்தாய் அப்படித்தான் செய்தாள். ஆனால் அடுத்த வீடு பூட்டிக் கிடந்தது. சுடலைமுத்து குடும்பத்தோடு திருப்பூருக்குப் போயிருந்தான். ஒரு வீட்டைத் தாண்டி வைக்கும் வழக்கம் ஊரில் கிடையாது. விழுந்துவிடக் கூடாதென்று கம்பை ஈரமண்ணில் அழுத்தி ஊன்றிவிட்டு வந்தாள்.

இருபது நாளாகக் காட்டுக்கு யாரும் போகவில்லை. மேட்டுப்பக்கம் கோடாலிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எல்லோர் காதிலும்தான் விழுந்தது. "சுடலை வீட்டு மொறைல்லா" என்றார்கள்.

பொறுக்கமாட்டாமல் பேச்சித்தாய் போய்க் கம்பைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. இந்த வருஷம் புதிதாக வெட்டிய, ஊன்றினாலே தழைக்கும் கிளுவைக் கம்பு. வேர் பிடித்து, நுனியில் நாலு இலையும் விட்டிருந்தது.

"பிடுங்கிராத தாயி" என்றார் ஊர்த்தலைவர். "பச்சையில கை வைக்கக் கூடாதுன்னு நாமதான கட்டுப்பாடு போட்டிருக்கோம்."

"அப்போ காட்டுல வெட்டுதவன் கையை யாரு பிடிக்க, அண்ணாச்சி?"

அவர் குனிந்து கம்பைச் சுற்றி மண்ணை அணைத்துவிட்டார். பேச்சித்தாய் வெறுங்கையோடு மேட்டைப் பார்த்து நடந்தாள். கொஞ்ச நேரத்தில் கோடாலிச் சத்தம் நின்றது.

சாயங்காலம் திரும்பியவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. பூட்டிய வீட்டைத் தாண்டி, அதற்கடுத்த வேலம்மாள் வீட்டு வாசலுக்குப் போய், கதவோரச் சுவரில் முதுகைச் சாத்தி, விறைப்பாக நின்றுகொண்டாள்.