பட்டினி கிடக்கும் நாரை

ஏரிக்கரையில் ஒரு கூட்டமே நின்று நாரைகளைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

பாதிப் பேர் திருத்தணி மலையில் மொட்டை போட்டுக்கொண்டு நேராக வந்தவர்கள். தலையில் சந்தனம் இன்னும் காயவில்லை. நீர்க்காகத்தைக் காக்கா என்று சொல்லிப் படமெடுத்தார்கள்.

மீதிப் பேர் சென்னையிலிருந்து பச்சைத் தொப்பியோடு வந்தவர்கள். பறவைகளின் பெயர் தெரியும். பறவையைவிட அடுத்தவன் கேமராவைத்தான் உற்றுப் பார்த்தார்கள்.

என் மாமனார் ராஜமாணிக்கம் காரைவிட்டு இறங்கவில்லை. "போய்ப் பாருங்க மாப்ள. அப்படியே ஹேமாகிட்டயும் பேசிடுங்க" என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஹேமாவதி என் மனைவி பிரபாவின் தங்கை. பிரபா இறந்து வருஷம் திரும்பிவிட்டது. இளையவளையும் எனக்கே கொடுத்துவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வீட்டில் வைத்துப் பேசினால் அசிங்கமாம். பறவை பார்க்கிற சாக்கில் பேசினால் நாகரிகமாம்.

நான் சரி என்றால் தை பிறந்ததும் கல்யாணம். அவளை யாரும் கேட்கப் போவதில்லை.

அவள் தள்ளி நின்று துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பறவை காட்டும் கஜபதி, மரத்தில் அருகருகே நின்ற இரண்டு மஞ்சள் மூக்கு நாரைகளைக் காட்டிச் சொற்பொழிவைத் தொடங்கினான்.

"இதுங்களுக்கு ஆயுசுக்கும் ஒரே ஜோடிதாங்க. ஒண்ணு செத்துப்போச்சுனு வைங்க, இன்னொண்ணு பட்டினி கெடந்தே உயிர உட்ரும்."

மொட்டைத்தலை அம்மாள் ஒருத்தி நாரைக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புருஷன் பக்கம் திரும்பினாள். "கேட்டுகினியா? நீயெல்லாம் பதினாறாம் நாளே பொண்ணு பாக்கக் கெளம்பிடுவ."

கூட்டம் சிரித்தது.

நான் விலங்கியல் படித்தவன். இந்த நாரைக்கு ஒவ்வொரு பருவத்துக்கும் புது ஜோடி. பட்டினியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. சுடுகாட்டிலிருந்து வந்த அன்று ராத்திரியே நான் இட்லி தின்றேன். நாரை மட்டும் தின்னாதா?

கஜபதியை எல்லோர் முன்னாலும் கிழித்துவிட வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஹேமா என் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"அது நெசமா பாவா?"

துப்பட்டா இறுகி விரல் வெளுத்திருந்தது. நிஜமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிற முகம்.

"ஆங். நெசந்தான்" என்றேன். "அதுங்க அப்படித்தான்."

அவள் விரலிலிருந்து துப்பட்டா அவிழ்ந்தது. சிறுபிள்ளை மாதிரி ஓடிப்போய்க் கஜபதியிடம் பைனாகுலர் கேட்டாள்.

முடியாது என்று மாமனாரிடம் சொல்லக் காரை நோக்கி நடந்தேன்.

சரி என்று சொல்லத்தான் காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தேன்.