கீழ்ப்பாதி

"நேத்து நானே என் தொண்டைக்குள்ள இறங்கிப் பாத்துட்டு வந்தேன். கட்டியோட மேல்பாதி பொய் சொல்லுது டாக்டரம்மா, கீழ்ப்பாதியிலதான் உங்க புரதம் ஒளிஞ்சிருக்கு" என்றார் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு தேவசகாயம்.

அந்தப் புரதம் இருந்தால்தான் புது மருந்து அவருக்கு வேலை செய்யும். கட்டியின் மேல்பாதியில் சதை கிள்ளிப் பார்த்த முதல் சோதனையில் இல்லையென்று வந்துவிட்டது.

"இடத்துக்கு இடம் மாறலாம்தான். உங்களுக்கு மாறும்னு எனக்குத் தோணல" என்றாள் டாக்டர் மெஹருன்னிசா.

கஞ்சிகூட இறங்காத தொண்டையை ஆவென்று திறந்து காட்டினார் அவர். "காலமெல்லாம் கடைசிப் பெட்டியில நின்னவன் நான். கீழ கிள்ளுங்க. இல்லேன்னா நானே மறுபடி இறங்கிக் கிள்ளிட்டு வந்துருவேன்."

கிள்ளினாள். வியாழக்கிழமை அந்தச் சதை ஒட்டிய கண்ணாடித் தகட்டோடு வார்டுக்கே வந்து, அதைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். புரதம் இருந்தால் மட்டுமே ஏறும் பழுப்புச் சாயம் அப்பிக்கிடந்தது.

"கீழ்ப்பாதி முழுக்க இருக்கு சார்" என்றவள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "உள்ள எப்படி இறங்குனீங்க?"