வீட்டுக்கு ஓர் ஆள்

இடுப்பு விட்டுப்போயிருந்தது. நேற்று இரண்டு லாரி நூல் மூட்டை இறக்கிய இடுப்பு.

அவன் சுவரில் தலையணையைச் சாய்த்து, லேப்டாப்பைத் தொடையில் வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். தகரக் கூரை சடசடத்தது.

திரையில் பழைய காலத்து ஊர் ஒன்று. நாற்பது ஓட்டு வீடுகள். எந்த ஆட்டத்திலும் நாற்பதுதான் கட்டுவான். வயலில் மண்வெட்டியோடு குனிந்து நிமிரும் ஆட்கள், ஒவ்வொருவனும் நெல்மணி அளவு.

பக்கத்து அறையில் அருளானந்து இதே ஆட்டத்தை எதிர்த்து ஆடிக்கொண்டிருந்தான். அவனுடைய குதிரைகள் ஆற்றைத் தாண்டிவிட்டன.

தோற்கிற அறை இந்த வாரம் முழுக்க நாலு மாடிக்குத் தண்ணீர்க் கேன் தூக்க வேண்டும்.

"மணிய அடி மாப்ள," என்றான் அறைத்தோழன் பிலவேந்திரன். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தான்.

அடிக்கவில்லை.

"படைன்னு நாலே நாலு வில்லுக்காரன வச்சிருக்க. மணிய அடிச்சா வீட்டுக்கு ஒரு ஆளு வருவான்ல. சும்மா வர்றவன வேணாங்கிறியே!"

வருவார்கள். மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஈட்டியோடு ஓடி வருவார்கள். அவசரப்படை.

வந்த நொடியிலிருந்து அவர்கள் தலைக்கு மேலுள்ள பச்சை உயிர்க்கோடு தேயத் தொடங்கும். யாரும் வெட்ட வேண்டியதில்லை. தானாகத் தேயும். இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோகும்.

"எப்படியும் சாகப்போற பயலுகதான. முன்னாடி தள்ளி விடு."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அருளானந்து கத்தினான். "கேன கழுவி வச்சிருக்கோம், வந்து தூக்குங்கய்யா!"

வடக்கு வேலி எரிந்தது.

அவன் ஓர் ஆள் மேல் மவுஸை வைத்தான். கிழக்குக் கடைசி வீட்டுக்காரன். வீட்டுக்குள் போகச் சொன்னான். போனான். கதவு மூடிக்கொண்டது.

வீட்டுக்குள் இருப்பவனை மணி கூப்பிடாது. ஆட்டத்தின் விதி அது.

பிறகுதான் மணியை அடித்தான்.

பிலவேந்திரன் திரையின் மூலையைத் தொட்டு எண்ணிக்கையைப் பார்த்தான்.

"முப்பத்தொம்பது. ஒருத்தன் குறையிறானே?"

"படுத்திருக்கான்."

"என்னவாம்?"

"இடுப்பு வலி."

பிலவேந்திரன் விழுந்து விழுந்து சிரித்தான். "பொம்மைக்குமா? தைலம் வேணுமான்னு கேளு."

அன்று அவனுடைய நாற்பது வீட்டு ஊரில், கண்மாய்க் கரையிலும் முப்பத்தொன்பது பேர்.

அதுவும் பகல்தான். நாலு நாளாக மழை விடவில்லை. கரை கசிகிறது என்று தமுக்கடித்துக்கொண்டு வந்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், ஒரு மண்வெட்டி, இரண்டு சாக்கு. கரையில் வீட்டுக்குப் பத்தடி. அவரவர் பத்தடியை அவரவர் அடைக்க வேண்டும்.

அவன் வீட்டில் ஆண்பிள்ளை அவன் ஒருவன்தான். சூளையில் கல் சுமந்துவிட்டு வந்து படுத்திருந்தான்.

இடுப்பு வலித்தது. பொய்யில்லை.

எழுந்திருக்க முடியாத வலியும் இல்லை.

"ஊர்ல இல்லேன்னு சொல்லும்மா."

அம்மா வாசலுக்குப் போய்ச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுச் சடையாண்டி சன்னல் வழியாக அவனுடைய காலைப் பார்த்தான். பார்த்ததைச் சொல்லவில்லை.

"அவன் பத்தடியையும் நானே போட்டுக்கிறேன் அத்தை," என்றான். சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனான்.

தன் பத்தடியை முதலில் அடைத்தான். பிறகுதான் மற்றதற்குப் போனான்.

உடைந்தது அந்த இடம். சடையாண்டி வெள்ளத்தோடு போனான்.

"ஜெயிச்சிட்டம்டா!" பிலவேந்திரன் சுவரைக் குத்தினான். "அருளு! தூக்குடா கேன!"

குதிரைகள் ஆற்றங்கரையில் செத்துக் கிடந்தன. ஊர் தப்பிவிட்டது.

வேலியோரம் நின்ற அவசரப்படை ஒவ்வொருவனாகச் சாய்ந்தது. எதிரி இல்லை. கோடு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கிழக்குக் கடைசி வீட்டின் கதவு திறந்தது. உள்ளே இருந்தவன் வெளியே வந்தான். வயலில் போய் மண்வெட்டியை எடுத்தான். குனிந்தான். நிமிர்ந்தான். அடுத்த வயலில் யாரும் இல்லை.

"குடுத்து வச்சவன்யா," என்றான் பிலவேந்திரன். "ஒரு கீறல் இல்ல பாரு."

அவன் லேப்டாப்பை மூடினான். துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினான். அறை மூலையில் கிடந்த காலிக் கேன்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டான்.

"எங்கடா போற? ஜெயிச்சது நாம."

படியிறங்கினான்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அவன் அன்று வீட்டில்தான் படுத்திருந்தான் என்று தெரிந்தவர்கள் இனி யாரும் இல்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் சடையாண்டியின் பெண்டாட்டி சோறு போட்டு எதிரே உட்காருவாள். "அன்னைக்கு நீ மட்டும் ஊர்ல இருந்திருந்தா, அவரத் தனியா விட்டிருப்பியா தம்பி?" என்பாள்.

தலையைக் குனிந்து சாப்பிடுவான். மறுசோறும் வாங்குவான்.

கேன் நிரம்பித் தோளில் ஏறியது. முதல் மாடி. இரண்டாவது மாடி. இடுப்பு பிளந்தது. நிற்கவில்லை.

சடையாண்டி வீட்டுக்கு அவன் இன்னும் ஓர் ஆள் தர வேண்டும்.