இருபத்தைந்தாவது குளிர்காலம்

“உள்ளதைச் சொல்லிடறேன், நோட்பூர்கா அம்மா. உங்க ரொட்டி உருண்டை வயித்துல கல்லு மாதிரி உட்காருது. கட்டில் திரும்பிப் படுத்தா கிறீச்சுங்குது. இந்த ஜனவரிக்கு நாங்க வேற விடுதி பாத்துக்கறோம்.”

ஃபோல்க்மார் போனை வைத்தான்.

அவன் மனைவி ரெனாட்டே மேசை நிறையப் பனிச்சறுக்குப் பாதை வரைபடத்தை விரித்து வைத்திருந்தாள். எந்த நாள் எந்தச் சரிவு என்று நீலப் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தவள், அப்படியே நிமிர்ந்தாள்.

“யார்கிட்ட பேசினே?”

“கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே.”

“அறை பதிவு பண்ணச் சொன்னா, அந்தப் பொம்பளை மனசை உடைச்சுட்டு வர்றியா?”

ஜெர்மனியின் காசெல் நகரிலிருந்து, எல்லை தாண்டியிருக்கும் தீரோல் மலைக் கிராமம் ஒன்றுக்கு அவர்கள் இருபத்து நான்கு குளிர்காலங்களாகப் போய்வருகிறார்கள். நோட்பூர்கா அம்மா நடத்தும் அதே விடுதி, அதே அறை, அதே ஜன்னலோர மேசை. பனிச்சறுக்குக்குப் போகும் ஜெர்மானியர் இடத்தில் புதுமை தேடுவதில்லை. விழும் விதத்தில் அது தானாகக் கிடைத்துவிடும்.

இந்த முறை போனால் இருபத்தைந்து. இத்தனை ஆண்டுகள் விடாமல் வந்த விருந்தாளிக்கு ஊர்த்தலைவரே வந்து, பித்தளை வாத்தியங்கள் முழங்க, மலையாடு பொறித்த தங்கச் சின்னத்தைச் சட்டையில் குத்திவிடுவார். தங்கம் முலாம்தான். ஆனால் ஊர்த்தலைவர் அசல். அதைக் குத்திக்கொள்வதற்கென்றே ரெனாட்டே பச்சைக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிவைத்திருந்தாள்.

“போன வருஷம் நீ கணுக்காலைச் சுளுக்கிக்கிட்டு வந்து கிடந்தியே, மாடி ஏறி வந்து ஒத்தடம் கொடுத்தது யாரு? தன் இடுப்பையே ஒரு கையால பிடிச்சுக்கிட்டு!”

“அதுக்காக உருண்டை மெத்துனு ஆயிடுமா?”

“ரெண்டாவது தட்டு கேட்டு வாங்கித் தின்னியே?”

“மரியாதைக்கு.”

“மூணாவது?”

ஃபோல்க்மார் வரைபடத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினான். அந்த வரைபடத்தை முதலில் இருந்த மடிப்பிலேயே மடித்தவர் உலகில் எவரும் இல்லை. அவனும் தோற்றான்.

“சரி, வேற விடுதின்னியே, எது?”

“இனிமேதான் பாக்கணும்.”

“இன்னும் பாக்கவே இல்லையா! போக முடியலேன்னா முட்டி வலின்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நாகரிகமா!”

“முட்டி வலின்னா, ‘பரவால்ல, கணப்புப் பக்கத்துல உக்காருங்க, நான் சமைச்சுப் போடறேன்’னு சொல்லும் அந்தம்மா. காய்ச்சல்னா கஷாயம் வச்சுட்டுக் காத்திருக்கும். தப்பிக்கவே முடியாது.”

“தப்பிக்கணுமா? அவ்வளவு நல்ல மனுஷிகிட்டேருந்தா?” ரெனாட்டே நீலப் பென்சிலை மேசையில் வீசினாள். “இத்தனை வருஷமா நீ பனியில விழுந்தப்பல்லாம் நான் தூக்கிவிட்டேன். இன்னிக்கு விழுந்திருக்கே பாரு, இதுக்கு என் கை வராது.”

அவள் போனை எடுத்தாள்.

“என்ன பண்றே?”

“மன்னிப்புக் கேக்கப் போறேன். அறையும் கேக்கப் போறேன். நீ வரலேன்னா தனியாப் போறேன்.”

“ரெனாட்டே, வேண்டாம். தயவுசெஞ்சு.”

அவன் தயவு என்ற சொல்லைப் பயன்படுத்துவது அபூர்வம். ஆனால் அதைக் கவனிக்கும் நிலையில் அவள் இல்லை.

எடுத்தது நோட்பூர்காவின் கணவர் வின்சென்ஸ். ரகசியம் பேசுகிற குரல்.

“காசெல் அம்மாவா? மெல்லப் பேசுங்க. அவ சமையல்கட்டுல சட்டியெல்லாம் உருட்டிக்கிட்டிருக்கா.”

“வின்சென்ஸ், எங்களை மன்னிக்கணும். என் புருஷன் பேசினது…”

“ஐயோ, மன்னிப்புக் கேட்டுக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க! அப்படிப் பேசச் சொல்லிக் கெஞ்சினதே நான்தான்.”

ரெனாட்டே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அவ இடுப்பு மூட்டை ஆபரேஷன் பண்ணி மாத்தணும்னு டாக்டர் சொல்லி எவ்வளவு நாளாச்சு! மத்த விருந்தாளிங்களை எல்லாம் தன் தங்கச்சி விடுதிக்கு அனுப்பச் சம்மதிச்சுட்டா. உங்களை மட்டும் விட மாட்டேங்கறா. ‘காசெல்காரங்க இருபத்தஞ்சாவது தடவை வர்றாங்க, அவங்களைப் போய் வரவேணாம்னு எப்படிச் சொல்றது’ன்னு ஒரே பிடிவாதம். உங்க வீட்டுக்காரர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். ‘என் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அவ குரலே காட்டிக்கொடுத்துடும், நானே பாத்துக்கறேன்’னார்.”

“இப்போ?”

“இப்போ அவளுக்கு வந்த கோபத்தைப் பாக்கணுமே! ‘இந்த நன்றிகெட்ட ஜனங்களுக்காகவா நொண்டிக்கிட்டு நின்னேன்? ஜனவரிக்கே ஆஸ்பத்திரியில நாள் வாங்கு’ன்னுட்டா.”

ரெனாட்டே கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியே, ஆளே இல்லாத தெருவை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போனில் ஏதோ தடதடத்தது. “யாரு அது? இங்க குடு!” என்றது பெண்குரல்.

“ரெனாட்டே, நீங்களா? உங்க வீட்டுக்காரர் என்னவெல்லாம் பேசினார் தெரியுமா? உங்களைக் கேட்டுட்டா பேசினார்?”

கோபத்துக்கு அடியில் ஒரு சின்ன ஆசை கேட்டது. ‘எனக்குத் தெரியாதே’ என்று ரெனாட்டே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தம்மா இன்றே போய் அறையைக் கூட்டத் தொடங்கிவிடுவாள்.

ரெனாட்டே மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

“கேட்டுட்டுத்தான் பேசினார், நோட்பூர்கா அம்மா. ஒண்ணை மட்டும் மறந்துட்டார், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க ஆப்பிள் பலகாரத்தையும் வாயில வைக்க முடியல.”