நாலாவது ஓட்டு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களில் பாதிக்குமேல் ஒன்றோடொன்று பேசி, 'இது சரி' என்று ஒத்து ஓட்டுப் போட்டால்தான் எந்த முடிவும் வெளிவரும்.

"மூணே போதும் மாமா. நாலாச்சுன்னா சரிபாதியாப் பிரிஞ்சு நின்னுடும்" என்றார், அவற்றைக் கவனித்துவந்த மாப்பிள்ளை.

"கூட ஒண்ணு இருந்தா நல்லதுதானே மாப்ளே?" என்று மாமனார் நாலாவதையும் வாங்கிப் போட்டார்.

ஒருநாள் அவற்றை இணைத்த நடுக்கேபிள் அறுந்தது. அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு. நாலும் நின்றன. ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் ஆபரேஷன் மேஜையில் ஒருவர் காத்துக்கிடந்தார்.

ஒரு கம்ப்யூட்டரை ஓட்டுக் கணக்கிலிருந்து நீக்கலாமா என்று ஆஸ்பத்திரியின் பங்குதாரர்கள் நால்வரும் கை தூக்கினார்கள். இரண்டுக்கு இரண்டு.

"சீ, குமட்டுது! நாலாவது எதுக்குன்னு அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!" என்று மாப்பிள்ளை காறித் துப்பினார்.

மாமனாரும் அவர் தம்பிகள் இருவரும் என மூன்றே பேர் நடத்திய ஆஸ்பத்திரியில், கல்யாணத்தன்று அடம்பிடித்து நாலாவது பங்குதாரராகச் சேர்ந்தவர் அந்த மாப்பிள்ளைதான்.